கொண்டை அவிழ்ந்தால் உள்ளே போகலாம்

பெண்கள் பொது வார்டின் ஜன்னலோரக் கட்டில், மேலே படுத்திருந்த நோயாளியோடும் தொங்கிக்கொண்டிருந்த ட்ரிப்ஸ் பாட்டிலோடும், யாரும் தள்ளாமல் தானாகவே மூன்று மாடி இறங்கி வாசல் கேட்டுக்கு வந்து நின்ற அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி கேன்டீனில் டீ விலையை ஏற்றினார்கள். ஊரில் அதிகம் பேசப்பட்டது டீ விலைதான். கட்டில் இறங்கி வந்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை. கேட்டுக்கு வெளியே நின்று திட்டிக்கொண்டிருந்தது யார் என்று தெரிந்தவர்கள், கட்டில் என்ன, கட்டடமே இறங்கி வந்திருந்தாலும் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள்.

அவளை வெண்கலம் என்று கூப்பிடுவார்கள். தொண்டையால் வந்த பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் அதே ஆஸ்பத்திரியின் கேட்டில் வேலைக்குச் சேர்ந்தவள், தலை நரைக்கும் வரை அந்த வாசலை விட்டு நகரவில்லை. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் குழந்தைகள் வார்டில் இருக்கும் தெர்மாமீட்டர்கள் எல்லாம் ஒரு டிகிரி கூட்டிக் காட்டும். நர்ஸ்கள் அதைக் கழித்து எழுதிக்கொள்ளப் பழகியிருந்தார்கள். பார்வை நேரம் நாலு மணி முதல் ஆறு மணி வரை என்று பெரிய எழுத்தில் போர்டு தொங்கும். அந்த நேரம் தவறி வருகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் ஒரே மரியாதைதான். "போர்டு தொங்குதே, கண்ணு என்ன பொடரியிலயா இருக்கு? ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா இது?" என்று ஆரம்பித்தால் வந்தவனின் பரம்பரை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் நிறுத்துவாள். திட்டிக்கொண்டே அவன் கையில் என்ன வைத்திருக்கிறான், செருப்பு ஜோடியாக இருக்கிறதா, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருக்கிறானா என்று எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வாள். பார்த்து முடித்ததும், திட்டை நிறுத்தாமலே, சுவர்ப் பக்கம் திரும்பிக் கொண்டையை அவிழ்ப்பாள். அவிழ்த்து உதறி, நிதானமாக மறுபடி முடிந்து, திரும்பும்போது வாசலில் ஆள் இருக்கமாட்டான். வெண்கலத்தின் கொண்டை அவிழ்ந்தால் உள்ளே போகலாம் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இப்போது பெரிய டாக்டராக இருப்பவரே இதே ஆஸ்பத்திரியில் படிக்கிற காலத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு வந்தவர் இல்லை; அந்தக் கொண்டை அவிழ்ந்த நேரங்களில்தான் அவர் வகுப்புக்குப் போய் டாக்டரானார்.

எல்லோருக்கும் அவிழ்ந்துவிடாது. பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று பெண்டாட்டியை உதைப்பதற்காகப் பிரசவ வார்டுக்குக் கிளம்பி வந்த ஒருத்தன், தேன் பாட்டிலும் புதுத் துணியுமாக வந்து எவ்வளவோ குழைந்து பார்த்தான். அன்று கொண்டை கல்லாக இருந்தது. அவள் தப்பும் செய்திருக்கிறாள். ஒருமுறை, தள்ளாடிக்கொண்டு வந்த ஒருவனைக் குடிகாரன் என்று நினைத்து விரட்டிவிட்டாள். அவன் குடிக்கவில்லை, ஊர் கடந்து வெயிலில் நடந்து வந்த மயக்கம். அன்று சாயங்காலமே உள்ளே படுத்திருந்த அவன் தங்கையின் உயிர் போய்விட்டது. வெண்கலம் மறுநாள் அவன் வீட்டைத் தேடிப்போய் வாசலில் நின்றாள். அவன் வாய்க்கு வந்தபடி திட்டினான். அவன் அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வெண்கலம் ஒரு வார்த்தை பதில் பேசாமல், அவர்கள் திட்டி ஓய்ந்து அழ ஆரம்பிக்கும் வரை நின்றுவிட்டு வந்தாள். அவள் வாயடைத்து நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அப்புறம் இயந்திரம் வந்தது. ஆள் உயரத்தில் ஒரு தூண், தலை இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடி, கண்ணாடிக்குள் சிரிக்கிற மாதிரி ஒரு வெளிச்சம். யோசிக்கத் தெரிந்த இயந்திரம் என்றார்கள். சம்பளம் மிச்சம் என்று சொன்னால் அசிங்கமாக இருக்கும் என்பதால், வருகிறவர்களுக்கு மரியாதை கிடைக்கும் என்று சொன்னார்கள். வெண்கலத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, "இனிமே நீங்க தொண்டையைக் கிழிச்சுக்க வேண்டாம்மா" என்று பெரிய டாக்டர் கைகூப்பினார். அந்த இயந்திரம் வாசல் வேலையைக் கற்றுக்கொண்டதே வெண்கலத்திடம்தான். கேட்டுக்கு மேலே இருந்த கேமராவில் பல வருஷமாகப் பதிவாகியிருந்த அவளுடைய பேச்சு, பார்வை, கேள்வி எல்லாவற்றையும் அதற்குப் புகட்டியிருந்தார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை அவள் சுவர்ப்பக்கம் திரும்பித் தலைமுடியைச் சரிசெய்வது வேலைக்குச் சம்பந்தமில்லாத அசைவு என்று, படித்தவர்கள் உட்கார்ந்து, பதிவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். கேட்டால் இன்றைக்கும் வயிறு எரியும். மனுஷியை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, அவள் விரட்டியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

இயந்திரத்தின் குரல் அப்படி இனிக்கும். ஊர் அதற்குச் சர்க்கரை என்று பெயர் வைத்தது. பக்கத்தில் நின்றால் சுகர் ஏறுகிறது என்று கேன்டீன்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சர்க்கரை யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. "மன்னிக்க வேண்டும் அம்மா, பார்வை நேரம் முடிந்துவிட்டது. உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறேன்" என்று பூப்போலச் சொல்லும். அழுதாலும் அதே, காலில் விழுந்தாலும் அதே, கல்லை எடுத்து எறிந்தாலும் அதே. காலையில் வேலைக்குப் போகுமுன் அப்பாவை ஒரு கண் பார்த்துவிட்டுப் போக வந்த கொத்தனார்களும், மில் ஷிப்ட் முடிந்து வந்த பெண்களும் அதன் முன்னால் நின்று நின்று திரும்பிப் போனார்கள். திட்டு வாங்கி உள்ளே போன ஊர், மரியாதை வாங்கி வெளியே நின்றது. எதிர்த்து ஒரு வார்த்தை பேச முடியாத மரியாதை எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

வெண்கலம் வீட்டோடு இருந்தாள். வீட்டில் அவளோடு இருந்தவள் ஊசி. ஊசி தையல்காரி, வாயும் ஊசிதான். வெண்கலத்தின் புருஷன் லாரிக்காரர் ஒரு மத்தியானம் லாரியின் மேல் ஒரு தையல் மிஷினையும், முன் சீட்டில் இவளையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டாவது பெண்டாட்டி. இறக்கிவிட்டு, சண்டையை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பாட்டுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சில வருஷம் கழித்து ஓட்டிக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. லாரி தானாகவே போய்ச் சரக்கைச் சேர்த்துவிட்டு, வெயிலில் மெதுவாக ஓடிவந்து, அவரை வீட்டு வாசலில் விட்டது. குழந்தை குட்டி இரண்டு பேருக்கும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, நடுவில் கரிக்கட்டையால் போட்ட கோடு. கொடிக்கயிற்றை அறுத்தாள், வெந்நீரை மேலே ஊற்றினாள், கையைக் கடித்தாள் என்று ஒருத்தி மேல் ஒருத்தி போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்காத புகார் இல்லை. எல்லாம் உண்மையான புகார்கள்தான். கடித்த தழும்பு வெண்கலத்தின் முன்கையில் இன்னும் இருக்கிறது. வருஷங்கள் போகப் போகக் கோடு கால் பட்டு அழிந்தது. யாரும் அதை மறுபடி போடவில்லை. ஒரு அடுப்பு ஓட்டையாகி மூலைக்குப் போனது. சண்டை மட்டும் குறையவில்லை. "தின்னு தொலை" என்று வெண்கலம் தட்டை நகர்த்துவாள்; அதைக் கேட்காமல் ஊசி சோற்றில் கை வைக்கமாட்டாள். "செத்துத் தொலைய மாட்டேங்கிறியே கிழவி" என்று ஊசி போர்வையை இழுத்து அவள் காலை மூடுவாள். அந்த வீட்டில் பேசப்பட்ட மொழி அதுதான். வேறு மொழி அவர்களுக்குத் தெரியாது, தேவைப்படவும் இல்லை.

மழை பிடித்திருந்த மாதத்தில் ஊசிக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. பேச்சு வரும்போதே மூச்சு நின்று நின்று வந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றி, அவசர சிகிச்சையில் ஒப்படைத்துவிட்டு, மாற்றுச் சேலையும் சீப்பும் டம்ளரும் எடுத்துவர வீட்டுக்கு ஓடினாள் வெண்கலம். அந்த இடைவெளியில், வார்டுக்குள் சுவரில் இருந்த சர்க்கரையின் இன்னொரு வாய் ஊசியிடம் கேட்டது, உங்களைப் பார்க்க யார் வரவேண்டும் என்று. ஊசி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு சொன்னாள்: "அந்தச் சனியன் மட்டும் என் மூஞ்சியில முழிக்கவே கூடாது, சொல்லிட்டேன்." பக்கத்தில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த வார்டு நர்ஸ் சிரித்துவிட்டாள். அக்காவை எங்கே காணோம் என்று தவித்துப்போய்க் கேட்கிறாள் என்பது அவளுக்குப் புரிந்தது. எந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவருக்கும் புரியும். சர்க்கரை அதை நோயாளியின் விருப்பம் என்று குறித்துக்கொண்டது.

சேலையும் சீப்புமாக வெண்கலம் வந்தபோது கேட் திறக்கவில்லை. பார்வை நேரம்தான், நாலு மணி அடித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

"மன்னிக்க வேண்டும் அம்மா. நோயாளிக்கும் உங்களுக்கும் உறவு எதுவும் பதிவில் இல்லை" என்றது சர்க்கரை.

"உறவா? என் புருஷனுக்கு ரெண்டாவதா வந்தவ அவ. இதுக்கு மேல என்ன உறவு வேணும் உனக்கு?"

"அந்த உறவுக்கு அனுமதி இல்லை அம்மா. மேலும், பழைய போலீஸ் புகார்களின்படி, உங்களால் நோயாளிக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிகிறது. அவரும் உங்களைப் பார்க்க விரும்பவில்லை. உங்கள் வருத்தத்தைப் புரிந்துகொள்கிறேன்."

"எங்க புரிஞ்சுக்கிட்ட? எந்த இடத்துல புரிஞ்சுக்கிட்ட? எனக்கு இதோ, இங்க எரியுது. உனக்கு எங்க எரியுது, தொட்டுக் காட்டு பார்ப்போம்."

"உங்கள் கோபம் நியாயமானது அம்மா."

"நியாயம்னா கேட்டைத் திற!"

"மன்னிக்க வேண்டும் அம்மா."

அது ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கடித்ததும் உண்மை, வெந்நீரும் உண்மை, மூஞ்சியில் முழிக்கக் கூடாது என்று சொன்னதும் உண்மை. அந்த வீட்டைப் பற்றிக் காகிதத்தில் இருந்தது அத்தனையும் அதற்கு மனப்பாடம். அந்த வீடு மட்டும்தான் தெரியாது.

ஊசி சாப்பிடவில்லை. ரொட்டி வந்தது, பால் வந்தது, வந்தபடியே திரும்பிப் போனது. "தின்னு தொலை" என்று யாரும் சொல்லவில்லையே. தயவுசெய்து சாப்பிடுங்கள் என்று சர்க்கரை மணிக்கு ஒருமுறை சுவரிலிருந்து கெஞ்சியது. ஊசி ஜன்னலைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நர்ஸ் தினமும் கேட்டுக்கு வந்து, கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னைக்கும் ஒண்ணும் இறங்கலக்கா. இப்படியே போனா மருந்து என்ன செய்யும்? உடம்புல தெம்பு வேணாமா?" என்று சொல்லிவிட்டு, வெண்கலத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிப்போவாள். நர்ஸ் பெரிய டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர், "என் கையில ஒண்ணும் இல்லம்மா, சிஸ்டம் ஒத்துக்கல" என்றார். வெண்கலம் அவர் காரை மறித்து நின்று கேட்டாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, "என் கையில ஒண்ணும் இல்லைங்கம்மா" என்றார். "ஒண்ணும் இல்லாத கையை எதுக்குய்யா வச்சிருக்க? வெட்டி அடுப்புல போடு. என் கொண்டையிலதான்யா நீ டாக்டரான!" என்று அவள் கத்தியது கண்ணாடி ஏறும் வரைதான் அவருக்குக் கேட்டது. அந்த வாரத்தில் அவர் உள்ளங்கை ரேகைகள் அழியத் தொடங்கின. முதலில் ஆயுள் ரேகை போனது, பிறகு மற்றவை. பேனா பிடித்தால் வழுக்கியது. அவர் ஏதோ சோப்புக் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

எத்தனை நாள்தான் ஒருத்தி கேட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்? வெண்கலம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது மாடி ஜன்னல் தெரியும். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "அடியே ஊசி! ஜன்னலோரமா மெத்தையில படுத்துக்கிட்டு மகாராணி மாதிரி பட்டினி கிடக்கிறியா? சாகிறதுக்கு உனக்கு யாருடி உத்தரவு கொடுத்தா? நீ போயிட்டா நான் யாரைத் திட்டுவேன், சுவத்தையா? பாதி தைச்சபடி நீலத் துணி கிடக்கே, அதை எவ வந்து முடிப்பா? துணிக்காரி தினம் வந்து என் உயிரை வாங்குறா. இரு, இரு, அந்தத் தையல் மிஷினைத் தூக்கிப் பழைய இரும்புக்குப் போடுறேன் பாரு!" குழந்தைகள் வார்டில் தெர்மாமீட்டர்கள் மூன்று டிகிரி ஏறின. அவள் காலடியில் ரோட்டுத் தார் இளகியது. மிஷின் என்ற சொல் மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் கட்டில் ஒரு தரம் உலுக்கிக்கொண்டது என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னாள். பிறகு அது நான்கு காலாலும் நடந்து, வார்டுக் கதவைத் தாண்டி, படிக்கட்டில் முன்னங்கால்களை மெதுவாக ஊன்றி, மேலே இருப்பவள் சரிந்துவிடாதபடி ஜாக்கிரதையாக இறங்கியது. ட்ரிப்ஸ் கம்பி கூடவே வந்தது. கேட்டுக்கு உள்பக்கம் வந்து நின்றதும் ஊசி தலையைத் தூக்கினாள்.

"வித்துப் பாரு. கையை உடைக்கிறேன்."

"முதல்ல பாலைக் குடி. அப்புறம் வந்து உடை."

"பாலா அது? ஒரு ருசி இல்ல."

"உன் மூஞ்சி மாதிரி இருக்கு. குடிச்சுத் தொலை!"

வெண்கலம் கம்பிக்குள் கையை விட்டு, கட்டிலுக்குப் பின்னாலேயே ஓடிவந்த நர்ஸ் நீட்டிய டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குடித்தாள். ரொட்டியும் அரைத் துண்டு உள்ளே போனது. அந்தக் கையில்தான் பல் தழும்பு இருந்தது. "நோயாளிக்கு ஆபத்து, நோயாளிக்கு ஆபத்து" என்று சர்க்கரை தேனாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆபத்து ரொட்டியைப் பிய்த்துப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தது.

ஊழியர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் மேலே போட்டார்கள். மறுநாள் நாலு மணிக்கு அது மறுபடி இறங்கி வந்தது. சங்கிலி போட்டுக் கட்டினார்கள், சங்கிலியோடு வந்தது. அதற்குள் மற்றவர்களும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். சர்க்கரையிடம் கெஞ்சிக் கெஞ்சி நாக்கு வறண்டவர்கள் எல்லாம் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தார்கள். ஒரு கொத்தனார், "அப்பா, செவுரு பூசின கூலியை நீ எங்க ஒளிச்சு வச்சன்னு சொல்லிட்டுப் போய்ச் சேருய்யா!" என்றார். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். ஆண்கள் வார்டிலிருந்து அந்த அப்பாவின் கட்டில் குதிக்காத குறையாக இறங்கியது. கொஞ்ச நாளில் சாயங்காலமானால் கேட்டுக்கு உள்ளே வரிசையாகக் கட்டில்கள், வெளியே வரிசையாகச் சொந்தங்கள், நடுவில் இரும்புக் கம்பி. மருந்து நேரம் பிசகியது, காற்றோட்டம் சரியில்லை, கட்டில் கால்கள் தேய்ந்தன. நிர்வாகத்துக்குத் தலைவலி.

பெரிய பெரிய சம்பளம் வாங்குகிறவர்கள் வந்து யோசித்து ஒரு வழி சொன்னார்கள். வெண்கலத்தின் குரல்தான் பல வருஷத்துக்குச் சர்க்கரையிடம் இருக்கிறதே. அந்தக் குரலிலேயே கட்டில்களை மேலே போகச் சொன்னால் போகாதா? சொன்னார்கள். சர்க்கரை வெண்கலத்தின் குரலில், அதே ஏற்ற இறக்கத்தோடு, அடியே ஊசி என்று ஆரம்பித்து அட்சரம் பிசகாமல் திட்டியது. ரோட்டில் நின்ற வெண்கலத்துக்கே ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. தெர்மாமீட்டர் எதுவும் அசையவில்லை. கட்டிலும் ஒரு அங்குலம் நகரவில்லை. ஊசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, கால்மாட்டில் நின்ற நர்ஸிடம் சொன்னாள்: "இது எங்கக்கா இல்ல. அதுக்குக் கோவமே வரல பாரு. சும்மா திட்டுது."

அதற்கு அடுத்த நாள் கேட்டுக் கம்பிகளை மறைத்துத் தகரம் அடித்தார்கள். நோயாளிகளின் நலனுக்காக என்று அதில் ஒரு போர்டும் மாட்டினார்கள். கை நுழைய இடமில்லை. நாலு மணிக்கு ஊசியின் கட்டில் இறங்கிவந்து தகரத்தில் முட்டியது. பின்வாங்கி மறுபடி முட்டியது. வெண்கலம் இந்தப் பக்கம் காதை வைத்துக் கேட்டாள். ஊசி பதில் சொல்லத்தான் பார்த்தாள். மூச்சுதான் வந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, கிழிசல் துணியில் காற்றுப் போகிற மாதிரி. இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் முட்டும் சத்தமும் தேய்ந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் இவள் பட்டினி கிடந்தால் தாங்காது என்று நர்ஸ் தகரத்துக்குப் பின்னாலிருந்தே அழுதுகொண்டு சொன்னாள், சொல்லிவிட்டு நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போய், அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்த போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வந்து கேட்டுக்கிட்ட நில்லுங்க சார். எதுவும் செய்ய வேணாம், சும்மா வந்து நில்லுங்க" என்றாள்.

அவர் பக்கக் கதவு வழியாக வெளியே வந்தார். கூட்டம் அடிக்கப்போகிறது என்று பயந்துகொண்டே வந்தார். வெண்கலம் குரலைத் தாழ்த்தினாள். அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லையாதலால், ரோட்டில் போன வண்டிகள் எல்லாம் தாமாக எஞ்சினை நிறுத்திக்கொண்டன.

"டாக்டரே, இந்த டப்பா மேல எனக்குக் கோவம் இல்ல. டப்பாகிட்ட யாராவது கோவப்படுவாங்களா? உங்க மேலதான் கோவம். உடம்பெல்லாம் எரியுது, அவ்வளவு கோவம். நான் உள்ள போகக் கூடாதுன்னா நீங்க சொல்லுங்க. என் கண்ணைப் பார்த்து, உங்க வாயால சொல்லுங்க, 'அவ உள்ள கிடந்து சாகட்டும், நீ வீட்டுக்குப் போ'ன்னு. நான் திரும்பிப் பார்க்காமப் போயிடறேன். நானும் இந்த வாசல்ல எத்தனையோ பேரைப் போன்னு சொல்லியிருக்கேன். தப்பாவும் சொல்லியிருக்கேன். சொன்னது நான்தான். அவன் வீட்டு வாசல்ல போய் நின்னதும் நான்தான். உங்க டப்பா எவன் வீட்டு வாசல்ல போய் நிக்கும், சொல்லுங்க."

பெரிய டாக்டர் வாயைத் திறந்தார். நாற்பது பேருக்கு முன்னால் நின்று பேசிப் பழகிய மனிதர், வகுப்பெடுக்கிறவர், ஒரே ஒரு வார்த்தை, முடியாது என்ற வார்த்தை, அதை ஒரு கிழவியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் நின்றார். "மன்னிக்க வேண்டும் அம்மா" என்று சர்க்கரை அவருக்குப் பதிலாக ஆரம்பித்தது. "நீ சும்மா இரு" என்றார் அவர். அது சும்மா இருந்தது. அப்படி ஒருவர் சொன்னால் சும்மா இருக்கும் என்பது அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

அவர் போய்க் கேட்டின் பழைய தாழ்ப்பாளைப் பிடித்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது. ரேகை இல்லாத கை இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை தோலைக் கிழித்துக்கொண்டு தாழ்ப்பாள் விலகியது. பிறகு அவர், வெண்கலத்தைப் பார்க்காமல், கூட்டத்தையும் பார்க்காமல், சுவர்ப்பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். தலையில் முடி இல்லாத மனிதர், வேறு என்ன செய்வார்? சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அது என்ன என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. மாட்டிக்கொண்டு திரும்பியபோது வாசலில் ஒரு ஆள்கூட இல்லை.

வெண்கலம் உள்ளே போனதும் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். "கனம் கனக்கிறா பாரு, பட்டினி கிடந்தவளாம்" என்று சொல்லிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு நடக்கத் தெரியும் என்பதை அவளும் மறந்துவிட்டாள், கட்டிலும் மறந்துவிட்டது. அன்று ஊசி பால் குடித்தாள். மூச்சு நேராக இன்னும் பல நாள் பிடித்தது. பிறகு வீட்டுக்குப் போய், நீலத் துணியைத் தைத்து முடித்து, நெஞ்சில் நீர் கோக்கும்போதெல்லாம் அதே ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்து படுத்து, அப்படியே மூன்று நான்கு மழைக்காலங்கள் ஓட்டினாள். கேட்டில் வெண்கலத்துக்கு நாற்காலியைத் திருப்பிக் கொடுத்தார்கள். சர்க்கரை இன்னும் பக்கத்திலேயே நிற்கிறது. கழிப்பறை எந்தப் பக்கம், ரத்தப் பரிசோதனை எந்த மாடி என்று சொல்கிறது. அதைத் தப்பில்லாமல் சொல்கிறது. பெரிய டாக்டரின் ரேகைகள் முழுசாகத் திரும்பவில்லை. தாழ்ப்பாள் கிழித்த தழும்புதான் அவர் உள்ளங்கையில் இப்போது இருக்கும் ஒரே கோடு. அவர் வாசலைக் கடக்கும்போது வெண்கலம் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அந்தப் பட்டினி நாட்களை அவள் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

ஊசி செத்துப்போனது அதே கட்டிலில், ஒரு மத்தியானம், யார் முதலில் சாவது என்ற சண்டையின் நடுவில். வெண்கலம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தாள். பதில் வரவில்லை. ஜெயித்துவிட்ட தோரணை ஒன்று ஊசியின் முகத்தில் இருந்தது. "பதில் சொல்லாமப் போறியா? அவ்வளவு திமிரா உனக்கு?" என்று வெண்கலம் கட்டில் சட்டத்தைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கத்தினாள். நர்ஸ்கள் வந்து கையை விடுவித்தார்கள். அன்று குழந்தைகள் வார்டில் ஒரு தெர்மாமீட்டரும் சரியாக வேலை செய்யவில்லை.

கட்டிலைக் கழுவி, மெத்தையை வெயிலில் போட்டு, வேறு ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். ஊரில் தனக்கென்று ஒருவரும் இல்லாத ஒரு அம்மாள். பார்க்க யாரும் வராததால் பார்வை நேரத்தில் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்துவிடுவாள். நாலு மணிக்குக் கட்டில் அவளைச் சுமந்துகொண்டு மூன்று மாடி இறங்கி, வாசல் நாற்காலிக்கு எதிரே வந்து நின்றது. வெண்கலம் கட்டிலை ஏற இறங்கப் பார்த்தாள். அதன்மேல் இருந்தவளையும் பார்த்தாள். "என்னடி பார்வை? பாலைக் குடிச்சியா இல்லையா? குடிச்சுத் தொலை!" என்றாள். அந்த அம்மாள் பயந்துபோய்க் குடித்தாள். மறுநாள் பார்வை நேரத்துக்கு முன்பே தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து ஆள் துணை இல்லாமல் சேர்கிற பெண்களுக்கு அந்தக் கட்டிலைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். நாலு மணிக்குள் மாத்திரையைக் கொடுத்துவிடு, அப்புறம் அது இடத்தில் இருக்காது என்று, வேலை மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறாள்.